வழங்கிக்காரருக்கு, பரந்தனிலிருந்து

இம்தியாஸ்,
நேற்று நீங்கள் தொலைபேசியில் சொன்னது சரிதான்.
ஜாவா தின்னும்.
நினைவகத்தை அள்ளி அள்ளித் தின்னும்.
எங்கள் சங்கத்து மாடுகளும் தின்னுந்தான்.
தின்னாத மாட்டை யார் கறக்கிறது?

பரந்தன் சந்தியில் உரக்கடைக்கு மேல்
என் மேசைக்குக் கீழே ஒரு பழைய மடிகணினி.
மூடி உடைந்தது. விசைப்பலகையில் 'ந' இல்லை.
அதற்குள்தான் டொம்கற் ஓடுகிறது,
முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பாலும்.
விடிய நாலரைக்கு
முரசுமோட்டையில் கான் மூடி திறக்கிற சத்தத்துக்கு முதல்
கொழுப்பு மூன்று தசம் எட்டு என்று
தர்மபுரத்திலிருந்து ஒரு வரி வந்து விழும்.

போன வெள்ளி மின்சாரம் நின்றது.
யூபிஎஸ் பதினொரு நிமிடம் கத்தியது,
பிறகு அதுவும் கத்தவில்லை.
வங்கியிலிருந்து நேரே படியேறி வந்த பூலோகராணி அக்கா
"காசு விழேல்லை" என்று என்னைப் பார்த்த பார்வை
எந்தப் பிழைப்பதிவிலும் இல்லை.

பிஎச்பியில் மாற்றி எழுதினால்
மாதம் முந்நூறு ரூபாய்க்கு இடம் தருவீர்களாம்.
இரண்டு வருடம் எழுதினது, இம்தியாஸ்.
பட்டி சின்னன் எண்டு
மாட்டை ஆடாக்கச் சொல்லுறியள்.

வழங்கி என்று தமிழில் பெயர் வைத்தவர்
உங்கள் விலைப்பட்டியலைப் பார்த்திருக்க மாட்டார்.

நான் கேட்பது பெரிதல்ல.
ஒரு ஜேவிஎம். ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி.
இரவில் நீங்களாக நிறுத்தாத ஒரு செயல்.
எண்பது எண்பதை எனக்குத் திறந்துவிட்டால் போதும்,
வார் கோப்பை நானே ஏற்றுவேன்,
பிழைத்தால் ஏச்சும் எனக்கு.

"ஒரு ஆளுக்காகச் செய்ய ஏலாது,
பத்துப் பேர் கேட்டா மேல பேசலாம்" என்றீர்கள்.
ஒரு சிரிப்போடு.
வன்னியில் பத்துப் பேரா என்ற சிரிப்பு.

எழுதிக்கொள்ளுங்கள்.
மல்லாவியில் கடன் சங்கக் கணக்குக்கு நிரல் எழுதின தயாளரூபன்.
முல்லைத்தீவு மீன் ஏலத்துக்குக் கோகுலவாணி,
அவளுடையது தமையன் கடைக் கல்லாக் கணினியில் ஓடுகிறது,
கடை பூட்டினால் ஏலமும் பூட்டு.
ஒட்டுசுட்டானில் இரண்டு பேர்,
ஒருவரோடொருவர் கதைப்பதில்லை, தனித்தனியாக எண்ணவும்.
மாங்குளத்தில் ஒரு பெடியன், இன்னும் படிக்கிறான்,
ஆனால் என்னைவிட நன்றாக எழுதுகிறான்.
என்னோடு ஆறு.

மீதி நாலு பேரைத் தேடி
நாளைக்கு ஏ-ஒன்பதில் பஸ் ஏறுகிறேன்.
புளியங்குளத்தில் யாரோ இருப்பதாகக் கேள்வி.

இங்கே வானம் கறுக்கிறது.
மின்னல் வெட்டினால் வயரைக் கழற்றத்தான் வேண்டும்.
அதற்குள் இதை அனுப்பிவிடுகிறேன்.