விதி எழுதிய இரவு

எஸ்.பி. ரோட்டில் ஒரே பெட்டியில் வாங்கியவை.
நான்கும் ஒரே கறுப்பு.
தயாரித்தவன் எண் அதே, சரக்கு எண் அதே,
வரிசை எண் கேட்டால்
வெறும் பூஜ்ஜியங்களை நீட்டுகின்றன.

எஜிபுராவில் கரண்ட் போய் வரும்போதெல்லாம்
லினக்ஸ் புதிதாய் எண்ணத் தொடங்கும்,
முதலில் கண் விழித்தது எதுவோ
அதிலிருந்து.
ஷாகுல் அழுத்த
மகிமைராஜின் கார் போய்ச் சுவரில் மோதும்.
"நந்து யாவுத்ரோ?" என்று கத்துவான் காளப்பா,
கையிலிருப்பதை உதறி உதறி.

நேற்று மூவரும் தூங்கியபின் விதி எழுத உட்கார்ந்தேன்.
இரட்டைச் சமக்குறி போடவேண்டிய இடத்தில்
ஒற்றை போட்டு
நாற்பது நிமிடம் போனது.
முகம் பார்த்துப் பிரிக்க வழியில்லை;
எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ
அதுதான் பேர்.
ஹப்பின் முதல் துளை ஷாகுல்,
அடுத்தது காளப்பா, அதற்கடுத்தது மகிமை.
வயர் இடம் மாறாதிருக்க
காளப்பாவின் தங்கை மறந்துபோன நெயில் பாலிஷில்
ஒரு பொட்டு, இரண்டு பொட்டு, மூன்று.
படுக்கும்போது மணி இரண்டே முக்கால்.
விரலெல்லாம் ரோஸ்.

இன்று மழை.
மூன்று தடவை போய் வந்தது கரண்ட்.
அவரவர் கார் அவரவர் விரலில்.
ஒருவனும் கவனிக்கவில்லை.
"இன்னிக்கு என்னடா சண்டையே வரல" என்றான் மகிமை,
சிப்ஸ் பாக்கெட்டின் அடியைத் துழாவிக்கொண்டே.

நாலாவது துளை கொஞ்சம் லூசு.
பாதிப் பந்தயத்தில் விட்டுப்போகும்.
அதற்கு
என் பேரை எழுதியிருக்கிறேன்.