மேட்சிங்

முந்தியை விரித்துக் காட்டுவார்கள்.
கண்ணால் ஒருதரம் தொட்டுவிட்டு
அறுநூறு சுருளில் ஒன்றை உருவுவேன்.
மயில்கழுத்து, மாம்பிஞ்சு, ராமர் பச்சை,
அரக்கு, ஆனந்தா, வெளுத்த கத்தரிப்பூ.
வண்ணார்பேட்டையில், மூன்றாம் மாடியில்,
பதினோரு வருசமாக
நான் எடுத்த பிட் திரும்பி வந்ததில்லை.

ஒரு ராத்திரி
சுத்தமல்லி பஸ்ஸை விட்டிறங்கி
கால் கழுவும்போது பார்த்தேன்.
முழங்காலுக்குப் பின்னே, கணுவுக்கு மேலே
எழுதுகிறதா என்று யாரோ
ஊதாப் பேனாவைக் கிறுக்கிப் பார்த்த மாதிரி.
பயம் அப்புறம்தான் வந்தது.
முதலில் தோன்றியது:
நல்லாத்தான் இருக்கு இந்தக் கலர்.

மறுநாள் ஆளில்லாத மத்தியானம்
சேலைக்கரையைச் சற்றே தூக்கி
ஒவ்வொரு பிட்டாக வைத்துப் பார்த்தேன்.
நாவற்பழத்துக்கும் ஆனந்தாவுக்கும் நடுவே என்னமோ.
மில்லில் இன்னும் போடவில்லை.

"நரம்புச் சிலந்திட்டி" என்றாள் முப்பிடாதி.
தன் காலைக் காட்டினாள். அவளுக்கு வலை பெரிசு.
விளக்கெண்ணெய் தடவச் சொன்னாள்.
தடவினேன்.
சேலைதான் பிசுக்கானது.

பாளையங்கோட்டை ஜெபக்கனி டாக்டர்
கருவியில் பசை தடவி உருட்டிப் பார்த்துவிட்டு,
"ஆபத்தில்லை. இது நரம்புமில்லை, சிரை" என்றார்.
"ஆறு மலையில பிறந்து இறங்கிப் போகுது,
அதுக்கென்ன கஷ்டம்?
ஒங்கால்ல ஓடுறது
புன்னைக்காயல்ல கிளம்பி பொதிகைக்கு ஏறணும்.
வழியில மதகு தளர்ந்தா தண்ணி கீழயே நிக்கும்.
ஏத்திவிடுறது கெண்டச் சதைதான்.
நீ அசையாம நின்னா
கெண்ட தூங்கிரும்."

கெண்டை.
குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்தால்
பாதத்தைக் கொத்திக் கொத்தி ஓடுமே,
அந்த மீனின் பேரை
முப்பத்தாறு வருசமாக
காலிலேயே வைத்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

இறுக்கமான காலுறை ஒன்று எழுதித் தந்தார்.
பாயை விட்டு எழும்புமுன் மாட்டணும்.
சித்திரை மாசத்தில் அது
தலையணை உறைக்குள் மெத்தையைத் திணிக்கிற வேலை.
பாதிவரை நானே ஏற்றுவேன்.
மீதிக்கு அவர் வருவார்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சுப் பிடித்து.
மெட்டி போட்ட நாளுக்குப் பிறகு
அவர் என் காலைத் தொடுவது இப்போதுதான்.

உட்கார ஸ்டூல் கொடுக்கணும் என்று
சட்டம் வந்தபோது
எங்கள் கவுண்டருக்கும் ஒன்று வந்தது.
அன்றையிலிருந்து அதன்மேல்
லைனிங் துணி உட்கார்ந்திருக்கிறது.

அதனால் நின்ற இடத்திலேயே
குதிகாலைத் தூக்குவேன், இறக்குவேன்.
தூக்குவேன், இறக்குவேன்.
மேல்தட்டு எட்டவில்லை போல என்று
சூப்பர்வைசர் நினைத்திருக்கிறார்.
பிறகு முப்பிடாதி. பிறகு ஃபால்ஸ் பிரிவு உலகம்மாள்.
பிறகு மாடியில் பாதிப் பேர்
ஏறி ஏறி இறங்க,
கேமராவில் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.
"என்னம்மா, கும்மியா?"
"கெண்ட மேயுது சார்" என்றாள் முப்பிடாதி,
சிரிக்காமல்.

வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.
சாயங்காலக் கனம் பாதியாகியிருக்கிறது.
ராத்திரி சுவரில் காலைச் சாத்திக்கொண்டு
மகனுக்கு வாய்ப்பாடு கேட்கிறேன், தலைகீழாக.

தீபாவளி போனஸில் இடது காலுக்கு ஊசி.
மயிரிழை ஊசி, எறும்புக் கடி.
"பூட்டின வீடு மாதிரி சுருங்கிரும்.
பக்கத்துத் தெருவுல புதுசா வராதுன்னு
நான் எழுதித் தரமாட்டேன்.
நட. உக்காரு.
கம்பம் மாதிரி நிக்க மட்டும் செய்யாத."
வலது காலுக்குக் காசு
பொங்கலுக்குத்தான்.

ஊசி போட்ட இடம்
இப்போதைக்குச் சிரட்டைக் கலர்.
அதற்கு என்னிடம் பிட் இருக்கிறது, மூன்று ஷேடில்.

நேற்று
லைனிங் கட்டை இறக்கித் தரையில் வைத்துவிட்டு
உட்கார்ந்தேன்.
கல்யாணச் சேலையோடு வந்த அம்மா
என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து,
"இங்க நிக்க ஆள் இல்லையா?" என்றார்.

"முந்தியக் காட்டுங்க" என்றேன்.
காட்டினார்.
உட்கார்ந்தபடியே சொன்னேன்:
"நாலாவது தட்டு, இடமிருந்து ஏழாவது.
முப்பிடாதி, அத எடுட்டி.
எட்டி எடு,
குதிகால நல்லாத் தூக்கு."