கொடியில் காயும் நீர்நாய்

ஜூலை இரண்டாம் வாரம்.
கோலிவாடா முழுக்க நனைந்த கோணி வாசம்.
ஆஸ்பத்திரி பில் கவுண்டரில்
அடுத்தவர் கணக்கை நாளெல்லாம் எழுதிவிட்டு
இரண்டு ரயிலை விட்டு மூன்றாவதில் தொங்கி வந்தால்
ஜன்னலோரம் வைத்த புத்தகம்
ஊறப்போட்ட அரிசியாய் உப்பிக் கிடக்கிறது.

எங்கள் புத்தகம்கூட இல்லை.
ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில்
கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தது.
படகைத் திருடிப் போகும் ஒரு நீர்நாயின் கதை.
ஐந்து வாரமாய் ஜெபின் அதைத் தொடவில்லை,
சுடுசோற்றுத் தட்டுக்கு அடியில் வைத்தது தவிர.

நானும் சும்மா இருக்கவில்லை.
பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்றேன்.
"அட்டைக்கும் உண்டா?" என்றான்.
பத்து நிமிடம் படித்தால் பத்து நிமிடம் மொபைல் என்றேன்.
புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு
கடிகாரத்தைப் படித்தான்.
எதிர்வீட்டு ஸ்வராவைப் பார் என்றேன்.
அன்று இரவு அவன் என்னோடு பேசவில்லை.
அது என் தப்பு.
இன்னும் தொண்டையில் நிற்கிறது.

பசை கரைந்து கழன்ற தாள்களை
ஒவ்வொன்றாய்ப் பிரித்து
வீட்டுக்குள் கட்டிய கொடியில் கிளிப் போட்டேன்,
அவன் பள்ளிச் சட்டைக்கும் என் பாவாடைக்கும் நடுவில்.
முப்பத்திரண்டு பக்கம், பதினாறு தாள்.
பக்க எண் இருந்த மூலைகளை எல்லாம்
ஈரம் தின்றிருந்தது.
ஃபேனை ஐந்தில் வைத்தேன்.
"நாளக்கழிச்சு ஞாயிறு, டீச்சருக்கு என்ன சொல்ல?"
நான் கேட்டது சுவரிடம்தான்.

தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கும்போது
எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் தெரிந்தான்,
கொடிக்குக் கீழே, கோணலாக, அண்ணாந்து.
"எம்மா, இது தப்பு.
இங்கன ஆத்துல குதிக்கு,
அடுத்த தாள்ல காஞ்ச வாலோட நிக்கு."

நான் திரும்பவில்லை.
மழைநாளில் ஒருவழியாய்ப் பற்றிய தீக்குச்சி,
மூச்சு விட்டாலும் போய்விடும்.
தோசை ஓரம் கருகியது. கருகட்டும்.

ஸ்டூல் இழுபடும் சத்தம்.
கிளிப் கழலும் சத்தம்.
"த... து... துடு... துடுப்பு.
எம்மா, துடுப்புன்னா?"
"படகு தள்ளுற கட்டை."
"சப்பூ! அப்படிப் போட வேண்டியதுதானே?"

சட்டை தரைக்கு வந்தது, பாவாடையும் வந்தது.
நீர்நாய்க்கு இடம் வேண்டுமாம்.
பத்து மணிக்குள் மூன்று தடவை
ஆறு திசை மாறி ஓடியது.
ஒருமுறை, திருடும் முன்பே படகைத் திருப்பிக் கொடுத்தது.
ஒருமுறை, போலீஸ் தவளை
காரணமே இல்லாமல் விசில் ஊதியது.
அதற்குச் சிரித்தான்.
தனியாக, ஒரு தாளைப் பார்த்து.
எங்கள் பத்துக்குப் பத்து அறையில்
அந்தச் சத்தம் புதிது.

பதினைந்து தாள்தான் இருந்தது.
படகுக்காரன் பிடித்தானா, விட்டானா
என்று சொல்லும் தாளை
ஃபேன் ஜன்னல் வழியே கொடுத்துவிட்டிருக்கிறது.

ராத்திரி பத்தரைக்கு
பால் கவரைத் தலையில் கவிழ்த்து டார்ச்சோடு இறங்கினான்.
காம்ப்ளே வீட்டுக் கூரை, வடாபாவ் வண்டியின் தார்ப்பாய்,
கட்டர் ஓரம் மூன்று கல் தூரம்.
பின்னாலேயே நான் குடை பிடித்து, குடையும் கவிழ்ந்து.
கிடைக்கவில்லை.

தலை துவட்டும்போது துண்டுக்குள்ளிருந்து சொன்னான்:
"பிடிச்சிருப்பான்."
எப்படித் தெரியும் என்றேன்.
"கடைசித் தாள்ல வால்ல கட்டு போட்டிருக்கு.
ஆனா அவனும் பக்கத்துல உக்காந்து மீன் திங்கான்.
அப்போ நடுவுல என்னமோ நடந்திருக்கு."

ஆஸ்பத்திரி பில்லின் முதுகில் எழுதி
அந்த இடத்தில் செருகினான்:
'இரன்டு பேரும் சன்டை போட்டார்கள். பிரகு மீன்.'
என் பேனா பையில்தான் இருந்தது.
மூன்று பிழைகளும் அப்படியே காய்ந்தன.

விளக்கை அணைத்த பிறகு, மெதுவாக:
"இன்னொரு புத்தகம் எடுத்துட்டு வரவா?"
"வேண்டாம். எனக்குப் படிக்கப் பிடிக்காது."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"எம்மா...
தாள் கழன்ற புத்தகம் வேற இருக்கான்னு
டீச்சர்ட்ட கேளு."