பற்று

உறுப்பினர் எண் ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை
வெள்ளைக்காரப் பெயர்கள்.
இருநூற்றுப் பதின்மூன்று, கேப்டன் தேஜ்வந்த் மான்.
பதினான்கு, கேப்டன் இக்ரம் கோகர்.
இருவரையும் ஒரே மாலையில் சேர்த்தார்கள்.
முன்மொழிந்த மேஜருக்கு மறுவாரமே மாற்றல்.

நான் பிஷம்பர் தாஸ், கிளப்பின் கணக்கன்.
இங்கே மதுக்கூடத்தில் யாரும் காசு தொடுவதில்லை.
சீட்டில் கையெழுத்து; மாதக் கடைசியில் என் மேசைக்கு வரும்.
கோகர் கையெழுத்தின் வால்
அடுத்த வரியில் போய் உட்காரும்.

நாற்பத்தேழு ஆகஸ்டில் வெள்ளிக் கோப்பைகளை எண்ணிப் பிரித்தோம்.
பதினொன்று இங்கே, ஏழு அங்கே.
பில்லியர்ட்ஸ் மேசை வாசலில் நுழையவில்லை,
ஆகவே இந்தியாவில் தங்கிற்று.
கோகர் சட்லெஜைத் தாண்டிய ராத்திரி
பதினெட்டு ரூபாய் ஏழணா பாக்கி.
எந்த விலாசத்துக்கு அனுப்ப?
அந்த வாரம் ரயிலில் வந்திறங்கிய உடல்களை எண்ணவே
ஊரில் ஆளில்லை.

ஐம்பத்தேழில் அணா ஒழிந்தது.
ஏழணாவை நாற்பத்து நான்கு பைசாவாக்கினேன்,
கால் பைசா அவருக்கு நட்டம்.
மார்ச் தோறும் புதுப் பேரேட்டுக்கு
அவரைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அறுபத்தைந்து செப்டம்பரில் அக்கரைக் குண்டு ஒன்று
சமையற்கட்டின் பின்சுவரைத் தின்றது.
முப்பத்தொரு புட்டி ரம். ஒரு பால் எருமை.
கோகர் பீரங்கிப் படைக்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும்.
கர்னல் மான் கண்ணாடிச் சில்லுகளின் நடுவே நின்று
"அவன் கணக்கில் எழுது, தாஸ்" என்றார்.
சிரித்தோம்.
பில்லியர்ட்ஸ் மார்க்கர் பூட்டா மஸி மட்டும்
கட்டுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான்.
அது அவன் எருமை.

எழுதினேன். பென்சிலால்.

எழுபத்தொன்று டிசம்பர் மூன்றாம் தேதி பிற்பகல்
பிரிகேடியர் மான் கடைசிச் சீட்டு:
ரம் இரண்டு, சோடா ஒன்று.
ஜீப் திரும்பவில்லை.
இறந்த அதிகாரியின் பாக்கியை
முப்பது நாளில் ரெஜிமெண்ட் தீர்க்க வேண்டும், விதி.
இருபத்திரண்டாம் நாள் மணியார்டர் வந்தது.
பதின்மூன்றாம் பெயருக்குக் கீழே
இரட்டைக் கோடு போட்டேன். சிவப்பு மை.

இன்று ஜலந்தரிலிருந்து வந்திருக்கும் ஆடிட்டர் பையன்
"யார் சார் இந்தக் கோகர்?
வசூலாகாது, தள்ளிவிடுங்கள்" என்கிறான்.
தள்ளுவதற்கும் ஒரு படிவம் உண்டு.
காரணம் என்ற கட்டத்தில் இரண்டே வார்த்தை:
இறப்பு, ராஜினாமா.

அவர் ராஜினாமா தரவில்லை.
மற்றது எனக்குத் தெரியாது.
டீ ஆறுகிறது, குடி தம்பி என்றேன்.