ஏழு மில்லிமீட்டர்

கோலாஸ் வாயைத் திறந்தால்
இரண்டு விரல்தான் நுழையும்.
பதினெட்டு வருடப் பாக்கு.
ஹுவாலியன் மலைப்பாதையில் ஜல்லி லாரி, ராத்திரி ஓட்டம்,
தூக்கத்தைத் துப்பித் துப்பிச் சிவந்த காகிதக் கோப்பைகள்.
உள்கன்னம் தோல்வாராக இறுகிவிட்டது.
நார்மேல் நார்,
கழித்துப்போட ஆளில்லாமல்.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.
எனக்கு வருவது ஐஸ் பெட்டியில்
மொச்சைக்கொட்டை அளவு சதை. ஒரு எண்.

அரைத்து, வடித்து,
ஜெலட்டின் கலந்த ஜெல் பலகையில் ஓட்டுகிறேன்.
கைகளில் இரட்டை உறை.
ஏன் இரட்டை என்று யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பிறகு இரவெல்லாம் முப்பத்தேழு டிகிரி:
இன்னும் உடம்புக்குள்தான் இருக்கிறோம் என்று
நொதிகள் நம்ப வேண்டுமே.

காலையில் சாயம் ஊற்றிக் கழுவினேன்.
பலகை முழுக்க நீலம்.
தின்ற இடம் மட்டும் வெள்ளை.

எட்டாம் தடத்தில்
பட்டை பட்டையாய் வெள்ளை.
நடுவில் ஒரேயொரு துத்தநாக அணு,
அதைச் சுற்றிப் பல்லில்லாத ஒரு கடி.
மயிரிழையை நூறாகப் பிளந்தாலும்
அதைவிட மெல்லிய சவ்வு,
அதுதான் மதில்.
அது போய்விட்டது.
திறக்காத வாய்க்குள்
இத்தனை திறப்பு.

"எல்லாப் பழியையும் புற்றின் மேல் போடாதே"
என்றாள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலை தூக்காமல் யௌ சின்-ஹுய்.
கத்தரிகள் பக்கத்து வீட்டில் இருந்தன.
நேற்றுவரை நார் நெய்த செல்கள்,
என்ன சொல்லிக் கேட்டதோ,
கதவைக் கழற்றித் தாமே கொடுத்திருக்கின்றன.

சரி, கத்தரிகளைப் பூட்டிவிடலாமே?
பூட்டிப் பார்த்தார்கள் ஒரு காலத்தில்.
புற்று அசையவில்லை.
நோயாளிகளின் தோள்மூட்டுதான் இறுகியது.
கன்னத்தை அறுத்தெடுத்த பின்
அந்தப் புண் ஆறவும் இதே கத்தரி வேண்டும்.

எனக்கும் வேண்டியிருந்தது.
ஒன்பது வாரத்துக்கு முன்
என் கருப்பைச் சுவரைத் தின்று
உள்ளே இறங்கி வேர்பிடித்ததே ஒன்று,
அதன் வாயிலும் இதே துத்தநாகம்.
அதுவும் கேட்காமல்தான் நுழைந்தது.
ஒரே வித்தியாசம்,
எங்கே நிற்பதென்று அதற்குத் தெரிந்திருந்தது.
அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மாலையில் அறிக்கை வாங்க அவர் மனைவி தோங்கி வந்தார்.
நிலநடுக்கத்தில் மலை சரிந்தபோது
பாறையை அள்ளிப் பாதை திறந்தவர்களில்
அவரும் ஒருவராம்.
நான் கேட்காமலேயே சொன்னார்.
பிறகு தாளில் ஒரு எண்ணின்மேல் விரல் வைத்து,
"ஊடுருவிய ஆழம் ஏழு மில்லிமீட்டர்.
ஏழு என்றால் எவ்வளவு?"

விளக்கம் சொல்வது என் வேலை அல்ல.
ஆனாலும் உறையைக் கழற்றினேன், இரண்டையும்.
சுண்டுவிரல் நகத்தை நீட்டிக் காட்டினேன்.
இதன் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

தன் நகத்தையும்
பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றேன்.