பொரித்தல்

லொரென்சோ தந்தபோது
முட்டைகளில் எருவும் ஒரு சிறு இறகும் ஒட்டியிருந்தன.
கழுவாதே, என்றார். கழுவினால் மூச்சு அடைத்துவிடும்.
பன்னிரண்டு. பதினொன்றுக்குத்தான் காசு வாங்கினார்,
ஒன்று கோணல்.

இன்குபேட்டர் ஒரு பண்ணை ஏலத்தில் வந்தது.
மஞ்சள் மூடி, மூலையில் வெடிப்பு,
அதன் மேல் யாரோ ஒட்டிய பழைய டேப்.
முப்பத்தேழரை என்று காட்டும்.
நிதுஷனின் காய்ச்சல் மானியை உள்ளே வைத்துப் பார்த்தேன்:
ஒரு பாகை பொய்.
அன்றிலிருந்து பொய்யைக் கழித்துவிட்டுத்தான்
அது சொல்வதைக் கேட்கிறேன்.

பென்சிலால் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் புள்ளடி.
புள்ளின் அடி.
வருமுன்பே கால் பதித்துவிட்ட சொல்.
விடிய நாலு மணிக்கு, வேலைக்குப் போகுமுன், புள்ளடி மேலே.
மூன்று மணிக்கு வந்ததும் வட்டம்.
படுக்கும்போது திரும்பவும் புள்ளடி.

தொழிற்சாலையில் எனக்கு நெஞ்சுப் பகுதி.
இரும்புக் கையுறை, மெல்லிய கத்தி,
எலும்பை விட்டு இறைச்சி ஒரே இழுவையில் வரவேண்டும்.
அடுத்த மண்டபத்தில் அதே இறைச்சி
மாவில் புரண்டு எண்ணெய்க்குள் போகும்.
அது பொரித்தல்.
வீட்டில், சலவை அறையில் நடப்பதும் பொரித்தல்.
சொல்லுக்கு அவ்வளவு பஞ்சமா எங்களுக்கு?
பகல் முழுக்கக் கோழி போதாதா உனக்கு, என்கிறாள் லித்தியா.
கத்தியைத் தீட்டுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

ஏழாம் நாள் இரவு
போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் பிடித்துப் பார்த்தோம்.
இரண்டு கூழ். உள்ளே வெறும் மஞ்சள் வெயில்.
மற்றதில் சிவப்புக் கோடுகள்.
எங்கட ஊர் வாய்க்கால் மாதிரி, என்றான் நிதுஷன்.
கிரிஃபித்தைத்தான் சொன்னான்.
அவனுக்கு ஊர் இதுதான்.

பதினாறாம் நாள், ஜனவரி, வெளியே நாற்பத்தைந்து.
பிற்பகலில் கரண்ட் போயிற்று.
குளிர்ந்துவிடுமென்று பயப்படப் பழகியிருந்தேன்.
இங்கே ஊரே அடைக்கு உட்கார்ந்துவிட்டது,
எழும்பச் சொல்ல ஆளில்லை.
தட்டைத் தூக்கிக் குளியலறைத் தரையில் வைத்து
சுற்றி ஈரத் துவாய் போட்டு
சீரியல் பெட்டி அட்டையால்
முட்டைகளுக்கு விசிறினேன்.
தயாபரன் பார்த்துக்கொண்டு நின்றார், சிரிக்கவில்லை.
லொரென்சோவுக்குப் போன் எடுத்தால்
அவர் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
என் பேடு இப்போது உட்காரவில்லை. நிற்கிறது.
முட்டைகளுக்கு மேலே, காலை அகட்டி,
நிழலை மட்டும் கொடுத்துக்கொண்டு.
இரவு ஒன்பது வரை நானும் அப்படித்தான்.

இருபத்தோராம் நாள் ஆறு வந்தன.
மூன்று கடைசிவரை வாய் திறக்கவில்லை.
கோணல் முட்டை மட்டும்
ஒரு துளை போட்டு, அலகு நுனியைக் காட்டி,
அப்படியே நின்றுவிட்டது.
பத்து மணிநேரம். பதினான்கு.
உதவக் கூடாது. ஓட்டுக்குள் இரத்தம் இன்னும் காய்ந்திராது.
தெரியும்.
ஆனால் கோழியைத் திறப்பதற்கே பழகிய கை இது.
மூட்டு எங்கே இளகும், எதை எந்தப் பக்கம் மடித்தால் விடும் என்று
கண்ணை மூடிக்கொண்டும் அறியும்.
இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு
நாலு மணி வரை இருந்தேன்.
பிறகு அதே கைகளைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று என் இழுவை மூன்று தரம் பிசகியது.
மேற்பார்வையாளன் எழுதிக்கொண்டான்.

வந்து பார்த்தால்
ஓடு இரண்டாய்க் கிடக்கிறது,
புள்ளடியின் ஒரு கால் மூடியில், மற்ற மூன்றும் அடியில்.
பக்கத்தில் நனைந்த நூல்பந்து போல ஒன்று,
வலது கால் விரல் சற்று மடங்கி.

பாதி சேவலாய் வரும், என்றார் லொரென்சோ.
ஊருக்குள் சேவல் கூடாது, வளர்ந்ததும் என்னிடம் கொண்டுவா.
கொண்டுபோனால் என்ன செய்வார் என்று
கேட்கவில்லை.

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும்
குளோரின் மணம் போகாத கையை உள்ளே நீட்டினேன்.
மணந்து பார்க்கத் தெரியாத அது
ஏறி உட்கார்ந்தது.
சேவலோ பேடோ,
எனக்கும் தெரியாது இன்னும்.