மறுகா

ஏறாவூர் ஆடைத் தொழிற்சாலையில் என் மேசைக்கு
இரண்டு குழல்விளக்கு, ஒரு கத்தரிக்கோல்,
சிவப்பு அம்புக்குறி ஒட்டுத்தாள் ஒரு சுருள்.
கழுத்துப்பட்டி கோணினால் அம்பு.
தையல் நழுவினால் அம்பு.
ஒட்டி, வந்த லைனுக்கே திருப்பிவிடுவேன்.
றிஸ்மியா ஊசியைத் தூக்கி நிறுத்தி
"மறுகாவுமா புள்ள?" என்பாள்.
மறுகாவுந்தான்.

இந்த வேலையை நான் முன்னமே படித்தவள்.
உயர்தர உயிரியல், அகமுதலுருச் சிறுவலை.
இறைபோசோம் நூலை விட்டுக்கொண்டிருக்கும்;
நூல் முடியவில்லை, அதற்குள்
பதினாலு வெல்லத்தில் கட்டிய கொப்பொன்றை
முழுசாய்த் தூக்கி அதன் தோளில் செருகிவிடும் சிறுவலை.
(புத்தகத்தில் வெல்லம். கடையில் சீனி.)
கொப்பின் நுனியில் மூன்று குளுக்கோசு.
ஒன்றைக் கிள்ளும். மற்றதையும் கிள்ளும்.
மிஞ்சிய ஒன்றைப் பிடித்தபடி
மடி, சரியாய் மடி என்று நிற்கும் ஒரு காவல் புரதம்.
அதுவும் கிள்ளுப்பட்டபின் ஒருத்தி வந்து தடவிப் பார்ப்பாள்.
பெண்ணென்றுதான் எனக்குத் தோன்றியது,
பரீட்சைத்தாளில் அப்படி எழுதவில்லை.
உள்ளே ஒளியவேண்டிய பக்கம் வெளியே துருத்தினால்
ஒரு குளுக்கோசைத் திரும்ப ஒட்டுவாள்.
மறுகா.

எத்தனை தரம் என்பதற்கும் மணிக்கூடு உண்டு:
அதே கொப்பில் மனோசுகள் ஒவ்வொன்றாய் உதிரும்.
உதிர்ந்தால் தவணை முடிந்தது.
வெளியே இழுத்து, வெட்டி,
அமினோ அமிலத்தை மட்டும் களஞ்சியத்தில் கொட்டிவிடும்.

நானும் மூன்று தரம் எழுதினேன்.
மூன்றாவது இசட் புள்ளி வந்த அன்று
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
சைக்கிளுக்குக் காற்றடித்தார், நெடுநேரம்.

இன்று பத்தேகால், தேநீர் இடைவேளை.
செங்கலடி பாமசியில் வாங்கிய கீலம்
நேற்றிலிருந்து மேலங்கிப் பையில்.
கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, காலால் முட்டுக்கொடுத்தேன்.
ஒரு கோடு.
போன ஆவணியில் இரண்டு வந்து
பதினோராம் நாள் எல்லாம் போனது.
கண்ணை மூடி லைன் ஏழின் இயந்திரங்களை எண்ணினேன்.
பத்தொன்பதில் திறந்தபோது
பலதரம் தோய்த்த துணியின் நிறத்தில்
இன்னொன்று.

அந்தக் கோடு என் உழைப்பல்ல.
எள்ளளவுக் கலக்கூட்டம், கண்ணில்லை, கையில்லை,
என் சுவரில் வந்து புதைந்து
தன் சிறுவலையில் இராப்பகலாய் ஓட்டிய உருப்படி:
தொண்ணூற்றிரண்டு அமினோ அமிலத்தில் ஒரு இழை,
நூற்று நாற்பத்தைந்தில் மற்றது;
தன் கண்ணிக்குள் தானே நுழைந்து முடிச்சிட்டு
பெரியது சின்னதை இடுப்புப்பட்டியாய்ச் சுற்றிக் கட்ட,
எட்டு இடத்தில் வெல்லம்,
கொல்கியில் நுனிக்கு நுனி சயாலிக் அமிலக் குஞ்சம்.
குஞ்சம் இல்லாவிட்டால்
ஒரு மணித்தியாலம் தாங்காது, ஈரல் விழுங்கிவிடும்.
குஞ்சத்தோடு ஒரு நாளுக்கு மேலாய் என் இரத்தத்தில் அலைந்து
சூலகத்துக்கு ஒரே சேதி கொண்டுபோகும்:
பொறு. இந்த மாதம் கலைக்காதே.

எத்தனை பிரதி அங்கே திரும்பித் திரும்பி மடிந்ததோ,
எத்தனை வெட்டுப்பட்டதோ,
கோடு அதைச் சொல்லாது.
வந்து சேர்ந்தவைதான் நிறமாகும்.

"உள்ளுக்கு ஆருகா?" கிருஷாந்தி மிஸ் கதவைத் தட்டினா.
"வாறன்."

மேசையில் குவியல்.
முதல் சட்டையின் கழுத்துப்பட்டி இரண்டு மில்லிமீற்றர் கோணல்.
அம்பை உரித்தேன்.
விரல் நுனியில் அது கொஞ்சநேரம் ஒட்டியே இருந்தது.
பிறகு துணியில் வைத்து, பெருவிரலால்
ஓரம் எழும்பாமல் அழுத்தினேன்.

"மறுகாவுமா புள்ள?"
"மறுகாவுந்தான். ஆறுதலாத் தை,
நான் இங்கதானே நிக்கிறன்."

றிஸ்மியா சட்டையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்,
ஊசியை இறக்க மறந்து.